“என் சரித்திரம்”: ஆசிரியரும் மாணாக்கரும்

உ. வே. சாமிநாதையரின் “என் சரித்திரம்” நம்மிடையே பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளைத் தேடிய கதையாகவே பேசப்படுகிறது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் இது. ஆயினும் ஆய்வேடு எழுதும் மாணவருக்கு வழிகாட்டும் பொறுப்பிலுள்ள நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது, சுவடி தேடிய பகுதியைவிட, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்ட பகுதியையே என்பேன்.

1871-இல் மாயூரத்திற்கு வந்த இளைஞரைப் பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆவலோடு வந்து சின்னாளில் நீங்கிய மாணாக்கர் பலரை அவர் கண்டவர். ஏற்றுக்கொண்டபின் அவர் காட்டிய அன்பையும், தம் வறுமையை மாணாக்கரிடம் மறைக்க அவர் பட்ட பாட்டையும் ஐயர் எழுதியுள்ள முறை நெஞ்சை உருக்குவது. ஆனால் அந்த அன்பிற்கு வேறொரு பக்கமும் உண்டு. வேங்கடராமன் என்ற பெயரை விடுத்துச் சாமிநாதன் என்றே அழைக்கலானார் ஆசிரியர். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மாணாக்கர் இசை பயின்று வந்ததும் அவருக்கு உவப்பாக இல்லை. இசையிற் சென்ற மனம் இலக்கியத்தில் ஆழ்ந்து செல்லாது என்று கருதினார். இசைப்பாடம் நின்றது. இசைவாணரான தந்தையின் ஆசையும் அதனோடு நின்றது.

ஐயர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. குருபக்தி அவரைத் தடுத்திருக்கலாம். நாம் சொல்லலாம். சொல்லுமுன் என் தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், தம் சிற்றூர்ச் சபையில் எழுத்தறியாத முதியோர் பாடும் கீர்த்தனைகளை ஆராய விரும்பி வந்தார். நூலாதாரம் போதாது என்று கூறி, என் அலமாரியிலிருந்த நூல்களுக்கு ஏற்றதொரு பொருளை அவருக்கு அளித்தேன். ஆய்வேடு தேறியது. அதன்பின் அவர் ஒரு கட்டுரையும் எழுதவில்லை. அம்முதியோரிற் பலர் இன்று இல்லை.

அப்படியாயின், பிள்ளையவர்களிடம் பயின்றவர் எவ்வாறு அவர் எல்லையைக் கடந்து சென்றார்? விடை 1880-ஆம் ஆண்டைப் பற்றிய பக்கங்களில் இருக்கிறது. உடல்நலங் குன்றிய தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவிக்கு இளையவரான ஐயரை முன்மொழிந்து அமர்த்துவித்தார். இவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. ஆசிரியரிடம் பட்ட கடனை ஆசிரியருக்கே திருப்பித்தர இயலாது; பின்வருபவனுக்கே தரமுடியும் என்பதைச் செட்டியார் அறிந்திருந்தார். இளம் ஆசிரியருக்கு அறிவுரை கூறுவோர் நம்மிடையே பலர்; தம் நாற்காலியை விட்டுக் கொடுப்போர் எத்தனை பேர்?

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராண வரிசையைக் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பயன் என்ற பொருள்பட வினவினார். பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணியை ஐயர் அதுவரை படித்ததில்லை. நன்கு கற்ற ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுவதில்லை. அவரோ முதலியார் தந்த பிரதியை வாங்கிக்கொண்டு, விளங்காத சமயக் கருத்துகளுக்குக் கும்பகோணத்துச் சைனரிடம் சென்று மாணாக்கராக அமர்ந்தார். 1887-இல் நூல் அச்சாயிற்று. பிள்ளையவர்கள் சிந்தாமணியைக் கற்பிக்கவில்லை. கேட்டுக் கற்கும் பழக்கத்தைக் கற்பித்திருந்தார். ஆசிரியரின் பாடத்திட்டம் போதாதபோதும் அப்பழக்கம் போதுமானதாயிற்று.

நம் வாசகர் தவறவிடலாகாத இடம் இன்னொன்று. 1876 பெப்ருவரி முதல் நாள் பிள்ளையவர்கள் உயிர் நீங்கும் வேளையில், அவரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் கிறிஸ்தவ மாணாக்கரான சவேரிநாத பிள்ளை. அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். ஐயர் இதற்கு விளக்கவுரை எதுவும் சேர்க்காமல் விட்டது நல்ல எழுத்தாளரின் அடக்கம்.

நூலின் பெருங்குறை, 1903-இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வருமுன்னரே அது நின்றுவிடுவதுதான். தம்மிடம் வந்த இளைஞரை அவர் எவ்வாறு நடத்தினார், அவர்களுடைய இசையை நிறுத்தினாரா என்று அறிய விரும்புவோர் கி. வா. ஜகந்நாதனின் “என் ஆசிரியப்பிரான்” நூலுக்குச் செல்லவேண்டும். அதனை எழுதியவரும் மாணாக்கரே ஆதலின், எச்சரிக்கையோடு படிக்க.