மறையெழுத்து நீங்கிய பயணம்

மொழிக்குறிகளைப் பிறவகைக் குறிகளால் பெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பின் ஒரு வகையாக 1959இல் ரோமன் யாக்கப்சன் கொண்டார். நாவல் திரைப்படமாவது இவ்வகையினதே. இதில் எவை மாறலாம், எது மாறினால் மூலம் வேறொன்றாகிவிடும் என்பதை ஆராய, ஜூல்ஸ் வெர்ன் 1864இல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘பூமியின் மையத்துக்குப் பயணம்’ நாவலின் தழுவலாக 1999இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் ஏற்ற சான்றாகும்.

நாவல் ஒரு சுவடிச் சிக்கலில் தொடங்குகிறது. பழைய ஐஸ்லாந்து நூலிலிருந்து விழும் தோல்தாளில் ரூன் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் மறைந்திருப்பதோ இலத்தீன். பின்னிருந்து முன்னாகப் படித்தால்தான் பொருள் விளங்கும். எழுத்து, மொழி, வரிசை என்னும் மூன்று திரைகளும் விலகிய பின்னரே எரிமலை வழி புலப்படுகிறது. அதன் பின்னரும் மொழிச் சிக்கல் தொடர்கிறது. ரெய்க்யவிக் அறிஞருடன் ஆக்செல் இலத்தீனில் உரையாடுகிறான். வழிகாட்டி ஹான்ஸ் டேனிய மொழியில் பேசுகிறான். பன்மொழி அறிந்த பேராசிரியர் லிடன்புரோக் கனிமவியற் கலைச்சொற்களை ஒலிக்க இயலாமல் திணறுகிறார்.

தொலைக்காட்சிப் படத்தில் பயணத்துக்குக் காரணம், காணாமற்போன கணவனைத் தேடும் ஆலிஸ் ஹேஸ்டிங்ஸின் வேண்டுகோள். களம் நியூசிலாந்து. கீழுலகில் மனிதக் குடிகளும் பல்லியுருவினரும் வாழ்கின்றனர். பெயரும் களமும் மாறியதைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆக்செலை ஹாரி எனவும் லிடன்புரோக்கை ஹார்ட்விக் எனவும் மாற்றியது. எனினும் மறையெழுத்தைக் கைவிடவில்லை. தொலைக்காட்சிப் படம் மாற்றியது பயணத்தின் காரணத்தை. வாசிப்பின் மீது கொண்ட நம்பிக்கையால் உயிரைப் பணயம் வைப்போரின் கதை, உறவைத் தேடுவோரின் கதையாகிவிடுகிறது.

திரைக்கு மொழிச் சிக்கல் ஒவ்வாது என்னும் விடை பொருந்தாது. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் எரிமலைக் கல்லுள் பொதிந்த தூக்குக்குண்டின் மீது சாக்னுசெமின் செய்தியைப் பொறித்துக் காட்டியது. ஹான்ஸை ஐஸ்லாந்திய மொழியிலேயே பேசவும் விட்டது. அப்படமும் மூலத்திலிருந்து பலவாறு விலகியதே. ஆயினும் பயணத்தின் திறவுகோலைக் காத்தது.

சுருக்கப் பதிப்புகளை உருவாக்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். கதைச்சுருக்கத்துக்கு இடையூறெனத் தோன்றும் மொழிக்கூறே சில நூல்களில் கதையை இயக்கும் விசையாக இருக்கக்கூடும். அதன் பணியை அறிந்த பின்னரே அதனை நீக்குவதா, ஈடுசெய்வதா என முடிவு செய்தல் தகும்.