வெளியேற்றத்தை எழுதினோம், திரும்புதலை?

1990 ஒக்டோபர் 30 பற்றி நமது எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தல், ஜின்னா மைதானத்தில் கூட்டிய கூட்டம், இரண்டு மணித்தியால அவகாசம், வழியில் பறிக்கப்பட்ட நகைகள் என்பனவெல்லாம் கவிதையிலும் சிறுகதையிலும் திரும்பத் திரும்பப் பதிவாகிவிட்டன. பதிவாக வேண்டியவைதான். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகு வந்த முப்பதுக்கும் மேற்பட்ட வருடங்களை, அதாவது பதிவுகளும் படிவங்களும் சுற்றுநிருபங்களுமாகக் கழிந்த அந்தக் காலத்தை, நமது இலக்கியம் போதிய அளவு தொடவில்லை என்பது என் கருத்து. இதனால் நேர்ந்த நட்டம் இலக்கியத்துக்கு மாத்திரமல்ல. நம்மைப் பற்றிய கொள்கைகளின் சொற்களைத் தெரிவுசெய்யும் வேலையை நாம் முழுக்க மற்றவர்களிடம் விட்டுவிட்டோம். ஆகவே அந்தச் சொற்கள் சிலவற்றை ஓர் இலக்கிய வாசகனாக இங்கே வாசித்துப் பார்க்கிறேன்.

முதலாவது சொல் 'பழைய'. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது இடம்பெயர்ந்தோர் இரண்டாக வகுக்கப்பட்டனர். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதிய' இடம்பெயர்ந்தோர். அதற்கு முந்தியவர்கள் 'பழைய' இடம்பெயர்ந்தோர். வன்னியிலிருந்து வந்த இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிகளுக்குள் அடைபட்டிருந்த நேரத்தில் அவர்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை மனிதாபிமானமுள்ள எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அவசரம் தணிந்த பிறகும் அந்தச் சொல் தணியவில்லை. பழையது என்றால் தீர்ந்துபோனது, பழகிப்போனது என்ற கருத்து அதற்குள் வந்து குந்திக்கொண்டது. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களும் இந்தப் பழைய பட்டியலில்தான் அடங்கினார்கள்.

இரண்டாவது சொல் 'குடும்பம்'. வீட்டுத் திட்டம் எதுவானாலும் அதன் அலகு குடும்பம். ஒரு குடும்பம், ஒரு காணி, ஒரு வீடு என்பதுதான் மாதிரி. வன்னியின் விவசாயக் கிராமத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். யாழ் நகரின் சோனகதெருவுக்குப் பொருந்துமா? அங்கே தையற்கடையும் இரும்புக்கடையும் இறைச்சிக்கடையும் லொறித் தொழிலும் நடத்திய மக்கள் சிறு சிறு காணித்துண்டுகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். 1990இல் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துப் புறப்பட்டவள் 2010இல் தானே தாய். அவளுடைய தம்பிக்கும் ஒரு குடும்பம். வெளியேறியது ஒரு குடும்பம், திரும்பி வருவது மூன்று. காணியோ அதே ஒன்று. இன்னும் பலர் அன்றே வாடகை வீட்டில் இருந்தவர்கள். காணி உறுதியைக் காட்டினால்தான் வீடு என்றால் இவர்கள் எதைக் காட்டுவார்கள்? இருபது வருட காலத்தில் மனிதர் பெருகுவார்கள் என்ற எளிய உண்மைக்கு அந்த மாதிரியில் இடமே வைக்கப்படவில்லை.

மூன்றாவது சொல் 'மீள்குடியேற்றம்'. திரும்பி வந்து நிரந்தரமாகத் தங்குபவர்தான் மீளக்குடியேறியவர் என்பது இதன் அதிகாரபூர்வமான பொருள். வந்து பதிந்துவிட்டுப் புத்தளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நம்மீது வைக்கப்பட்டது இதன் அடிப்படையில்தான். கூரையில்லாத வீட்டுக்குக் குமரிப் பிள்ளைகளோடு வந்து தங்குவது எப்படி? புத்தளத்தில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையை இடைநடுவில் மாற்றுவது எப்படி? ஒஸ்மானியாவும் கதீஜாவும் முன்போல் இயங்குவதற்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன்போல் இயங்கும் பாடசாலை வேண்டும். இந்த முடிச்சை யார் முதலில் அவிழ்ப்பது என்று கொள்கை சொல்லவில்லை. அதைக் குடும்பங்களின் தலையில் கட்டிவிட்டது. இன்னொரு பக்கம், 2007இல் உலக வங்கியின் நிதியில் ஆரம்பித்த புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் வீடு பெற்றவர் வடக்கில் கேட்கப் போனால், உமக்குத்தான் வீடு இருக்கிறதே என்ற கேள்வி காத்திருந்தது. பதினேழு வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்தவர் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையை ஏற்றுக்கொண்டால் பிறந்த ஊரின் உரிமையை விட்டுக்கொடுத்ததாகுமா?

உலகம் இதை வேறு விதமாகவும் சிந்தித்திருக்கிறது. பொஸ்னியாவில் 1995இன் டேய்ட்டன் உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பு, திரும்பும் உரிமையோடு சொத்தை மீளப்பெறும் உரிமையையும் வாக்களித்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தீர்க்கப்பட்டன. வீட்டை மீளப்பெற்ற பலர் அங்கே போய் வாழவில்லை. விற்றார்கள் அல்லது வாடகைக்குக் கொடுத்தார்கள். அதனால் அவர்களுடைய உரிமை குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. உடைமை வேறு, குடியிருப்பு வேறு என்று பிரித்துப் பார்த்த இந்தத் தெளிவு இலங்கைக்கு வந்து சேரவில்லை.

இங்கே நடந்ததைக் காலவரிசையில் பார்த்தால் வேதனைதான் மிஞ்சும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தை அரசியல் தவறென்று ஏற்றுக்கொண்டார். பத்திரிகையாளர் முன் கேட்ட மன்னிப்பு ஒரு கொள்கையாகிவிடாது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, வடபுல முஸ்லிம்கள் தொடர்பாக ஒரு முழுமையான அரச கொள்கை வேண்டுமென்று விதந்துரைத்தது. இடம்பெயர்வுக்கான நிரந்தரத் தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தது 2016 ஓகஸ்டில். வெளியேற்றி இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு! அது நல்ல கோட்பாடுகளைக் கொண்ட ஆவணந்தான். ஆனால் கொள்கை சட்டமல்ல. அதைக் காட்டி நீதிமன்றத்தில் ஒரு வழக்கை வெல்ல முடியாது.

சட்டமாக வந்தது அதே 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம். பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்குக் காணி உரித்தாகலாம் என்ற பழைய விதியிலிருந்து, பயங்கரவாதத்தால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு அது விலக்களித்தது. வரவேற்க வேண்டியது. ஆனால் வழக்குத் தொடர வைத்த காலக்கெடு இரண்டு வருடம். முகாமில் இருந்தபடி குமர்க்காரியத்துக்காகக் கிடைத்த விலைக்குக் காணியை எழுதிக் கொடுத்தவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

இவற்றையெல்லாம் எழுதியவர்கள் இல்லாமலில்லை. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் கணக்கெடுத்தும் ஆவணப்படுத்தியும் தனியாளாகப் பெரும் பணி செய்தார். பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் மக்களின் வாக்குமூலங்களைத் தாங்கி வந்தது. அவை ஆய்வுகள். அவை தொட்ட இடத்திலிருந்து கதையும் நாவலும் புறப்பட்டிருக்க வேண்டும். நாமோ ஓர் உவமையில் தங்கிவிட்டோம். வந்தவர்களை முஹாஜிர்கள் என்றோம், வரவேற்ற புத்தளத்து மக்களை அன்ஸாரிகள் என்றோம். அந்த நன்றி உண்மையானது. ஆனால் அந்த உவமைக்குள் அரசு என்ற ஒன்று இல்லை. ஆகவே அரசின் கடமையும் அதில் மறைந்துபோகிறது.

எழுத வேண்டிய கதைகள் கண்முன்னே கிடக்கின்றன. ஒரே காணித்துண்டுக்கு மூன்று விண்ணப்பம் போட வேண்டிவந்த உடன்பிறப்புகளுக்கிடையில் மூண்ட மனஸ்தாபம் ஒரு கதை. உயர் பாதுகாப்பு வலயத்தால் வலிகாமம் வடக்கை இழந்த தமிழ்க் குடும்பம் சோனகதெரு வீடொன்றில் இருக்க, அந்த வீட்டுக்காரர் படலையைத் தட்டும் கதை இன்னொன்று. இதில் இரு தரப்பும் அகதி. யாரை வில்லனாக்குவது? ஒக்டோபர் 30 பற்றிய எழுத்தில் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. திரும்புதலைப் பற்றிய எழுத்தில் அந்த வசதி கிடையாது. நமது எழுத்தாளர்கள் தயங்குவது அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெளியேற்றத்தை நேரில் கண்ட தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது. புத்தளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊர் என்று சொல்லும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 'பழைய', 'குடும்பம்', 'மீள்குடியேற்றம்' ஆகிய சொற்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து பொருள் எழுதப்பட வேண்டும். அதை எழுதும் பொறுப்பு நம்முடையது. நாம் எழுதாவிட்டால் அடுத்த சுற்றுநிருபம் அதை எழுதிவிடும்.