டியூபின் முதுகில் எழுதியிருப்பது

பூலாம்பாடியில் கடைக்குப் போய் "ஆயில் பெயின்ட் கொடுங்கண்ணே" என்று கேட்டால் எனாமல் டப்பா வரும். கூடவே "கேட்டுக்கா, ஜன்னலுக்கா?" என்ற கேள்வியும் வரும். கடைக்காரர் மேல் தப்பில்லை. ஊரில் அந்தப் பெயருக்கு அதுதான் அர்த்தம். கான்வாஸில் பூசும் டியூபுக்குப் பெரம்பலூர், இல்லாவிட்டால் திருச்சி, அதுவும் இல்லாவிட்டால் கூரியர். பிழிந்து பார்க்காமல் காசு கொடுக்கிறோம் என்பதால், ஏமாறாமல் வாங்கும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு மலிவுப் பெட்டி (12 டியூப்), கேமல் ஆர்ட்டிஸ்ட் வரிசை, வின்சர் அண்ட் நியூட்டனின் வின்டன் ஆகிய மூன்றையும் சோதித்தேன். முதலில் வெள்ளைச் சோதனை: ஒரு பங்கு நீலத்துக்குப் பத்துப் பங்கு வெள்ளை. பெட்டி நீலம் தண்ணி ஊற்றிய மோர் மாதிரி வெளுத்துவிட்டது. நிறமி குறைவு, சுண்ணாம்புத்தூள் போன்ற நிரப்பி அதிகம் என்று அர்த்தம். மற்ற இரண்டிலும் நீலம் நீலமாகவே நின்றது. அடுத்து வெயில். பூசிய அட்டையில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மேற்கு ஜன்னலில் கட்டினேன். சித்திரையும் வைகாசியும் போனபின் தாளை எடுத்தால், பெட்டியின் ரோஜா நிறத்தில் கோடு கிழித்தது போல இரண்டு நிறம்.

இதையெல்லாம் செய்யாமலே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். நல்ல டியூபின் முதுகில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.பி. 29 அல்ட்ராமரின், பி.ஒய். 43 மஞ்சள் காவி. பி.ஆர். 83, அதாவது அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும், வாங்காதீர்கள். பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால் அசலுக்குப் பதில் வேறு நிறமி. அது மோசடி இல்லை, காட்மியம் விலைக்கு மாற்று. வின்டனில் இப்படிச் சில உண்டு. குறியீடே போடாத டியூபை நான் தொடுவதில்லை. அந்தக் காலத்தில் ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தை இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்தாராம். அன்று ரகசியமாகக் காத்ததில் ஒரு பங்கை இன்று டியூபிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை.

என் தீர்ப்பு: அன்றாட வேலைக்குக் கேமல் ஆர்ட்டிஸ்ட். அதே நிறுவனத்தின் மாணவர் வரிசையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வின்டன் 37 மில்லி டியூபில் ஒன்றிரண்டு நிறம் மட்டும் போதும். 12 நிறப் பெட்டி விலையில் நல்ல டியூப் ஐந்து வாங்குங்கள்: வெள்ளை, அல்ட்ராமரின், மஞ்சள் காவி, எலுமிச்சை மஞ்சள், பர்ன்ட் அம்பர். ஒரு சிவப்பைப் பிறகு சேர்க்கலாம். வெள்ளைதான் முதலில் தீரும், அதைப் பெரிய டியூபாக எடுங்கள். முழுக்க ஜிங்க் வெள்ளை வேண்டாம், நாளானால் வெடிக்கும். பச்சை டியூப் தேவையே இல்லை. எங்கள் ஊரிலிருந்து தெரியும் பச்சைமலை கோடையில் அல்ட்ராமரினும் மஞ்சள் காவியும் கலந்த மங்கல் நிறம்தான்; மழைக்குப் பிறகு காவிக்குப் பதில் எலுமிச்சை மஞ்சள்.

எண்ணெயில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் கலந்தால் படம் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்; ஆவியாகிக் காய்வதில்லை. மரவேலைக்கு விற்கும் டபுள் பாயில்டு எண்ணெய் சீக்கிரம் கறுக்கும், அதுவும் ஆகாது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது மற்ற நிறங்களை முந்திக்கொண்டு காயும், அடிப்பூச்சுக்கு வசதி.

ஒன்றை விட்டுவிட்டேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. என் மேசைக்கடியில் இதற்கென்றே மூடி போட்ட ஒரு பழைய தகர டின் இருக்கிறது, நிறையத் தண்ணீரோடு.