எவன்ஸ் என்றால் எந்த எவன்ஸ்?

டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் மொழியைப் புகழ்வார்கள், கூடவே அதில் வரும் பெயர்களைச் சொல்லிக் கொஞ்சம் சிரிப்பார்கள். ரொட்டி சுடுகிற டாய் 'டாய் பிரெட்'. ஆர்கன் வாசிக்கிற மோர்கன் 'ஆர்கன் மோர்கன்'. சவ அடக்கம் செய்து தருகிற எவன்ஸ் 'எவன்ஸ் த டெத்', நம்மூர்க் கணக்கில் சாவு எவன்ஸ். ஒரு ஊரையே கார்ட்டூன் ஆக்கிவிட்டார் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால், வேல்ஸ் மக்களின் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிப்போன கதை இருக்கிறது. அது தெரிந்த பிறகு நாடகம் வேறு மாதிரி கேட்கிறது.

பழைய வேல்ஸில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து 'அப்', அடுத்து அப்பா பெயர். 'அப்' என்றால் மகன். ரீஸின் மகன் ஹியூ, 'ஹியூ அப் ரீஸ்'. அவன் மகன் ஓவன், 'ஓவன் அப் ஹியூ'. வேண்டுமானால் தாத்தா, பூட்டன் என்று நீட்டிக்கொண்டே போகலாம். அங்கே பெயர் என்பது ஒரு உறவைச் சொல்லும் வாக்கியம். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும்.

எட்டாம் ஹென்றி காலத்தில், 1536லும் 1542லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் நிர்வாகத்துக்குள் இழுத்தன. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் ஆனது. ஆங்கிலப் பதிவேட்டுக்கு மாறாத குடும்பப் பெயர் வேண்டும். ஆக, நீண்டுகொண்டிருந்த சங்கிலி ஏதோ ஒரு அப்பாவோடு நின்றுபோனது. ஒரே நாளில் நடந்ததில்லை. வசதி படைத்தவர்கள் முதலில் மாறினார்கள், சில கிராமங்கள் மாற இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயிற்று. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனது. 'அப் ஹியூ' பியூ. 'அப் ரிச்சர்ட்' பிரிச்சர்ட். மற்ற இடங்களில் அப்பா பெயரின் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டது: ஜான் ஜோன்ஸ் ஆனார், இவான் எவன்ஸ் ஆனார். வேல்ஸ் மொழியின் பழைய எழுத்து வரிசையில் 'ஜே' என்ற எழுத்தே இல்லை. ஆனால் இன்று அங்கே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஜோன்ஸ்!

டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அடுத்த சிக்கல் உடனே புரியும். அப்பாக்களுக்கு வைக்கப்பட்டிருந்ததே ஜான், டேவிட், வில்லியம், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்கள்தான். அவை உறைந்தபோது ஊரில் பாதிப் பேருக்கு ஒரே அடையாளம் வந்துவிட்டது. 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் ஜூலு படையோடு நடந்த சண்டைக்காக 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. அதில் இரண்டு பேர் ஜோன்ஸ்: வில்லியம் ஜோன்ஸ் 593, ராபர்ட் ஜோன்ஸ் 716. அவை பட்டாளத்து எண்கள். பெயர் தோற்ற இடத்தில் அரசாங்கம் எண்ணைப் போட்டது. அதே இடத்தில் ஊர் என்ன செய்ததோ, அதுதான் 'எவன்ஸ் த டெத்'. இப்படித் தொழிலை ஒட்டிக் கூப்பிடுவது வேல்ஸ் ஊர்களில் நிஜமாகவே இருந்த வழக்கம், டிலன் தாமஸ் கற்பனை செய்ததல்ல. பதிவேடு தட்டையாக்கிய மனிதனை ஊர் தன் வாயால் திரும்ப வார்த்தெடுக்கிறது.

இதை அவர் வானொலிக்கு எழுதியது பொருத்தம். 1954 ஜனவரி 25 அன்று பிபிசியில் நாடகம் ஒலிபரப்பானபோது அவர் இறந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. கண் தெரியாத கேப்டன் கேட், ஜன்னலோரம் உட்கார்ந்து காலடிச் சத்தத்தை வைத்தே போகிறவர் யாரென்று சொல்கிறார். கேட்பவர்களும் அவர் நிலையில்தான் இருக்கிறோம். எழுத்தில் அடைபட்ட பெயர்கள் இங்கே காதுக்குத் திரும்புகின்றன.

ஆனால் எனக்கு உறுத்துகிற இடமும் இதேதான். ஊர் இந்தக் கருணையை யாருக்குக் காட்டுகிறது? டாய்க்கு இரண்டு மனைவிகள். அவர்கள் பெயர் மிஸஸ் டாய் பிரெட் ஒன்று, மிஸஸ் டாய் பிரெட் இரண்டு. பட்டாளம் ஜோன்ஸுக்குச் செய்ததை ஊர் இவர்களுக்குச் செய்கிறது. மிஸஸ் ஆக்மோர்-பிரிச்சர்ட், செத்துப்போன இரண்டு கணவர்களையும் கோடு போட்டுத் தன் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கிறார். மிஸ்டர் பியூ தன் மனைவிக்கு விஷம் வைக்கும் கனவில் வாழ்கிறார். அந்த மனைவியோ 'ஹியூவின் மகன்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு எதிரில் சாப்பிடுகிறார். வேல்ஸ் மொழியில் மகளுக்கும் 'அப்' போலவே ஒரு சொல் இருந்தது. பெயர் உறைந்தபோது அது காணாமல் போய், மகள்களும் மகன்களாகிவிட்டார்கள். நாடகம் இதையெல்லாம் சிரித்துக் கடக்கிறது. நின்று பார்ப்பதில்லை.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துக் கதை அல்ல. நம் இனிஷியல் இன்னும் உறையாத ஒரு 'அப்'. விசா படிவத்தின் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்பா பெயரை எழுதும்போது அது உறையத் தொடங்குகிறது. அங்கே பிறக்கிற பேத்திக்கு முருகேசன் குடும்பப் பெயர். சில வீடுகளில் மருமகளும் மிஸஸ் முருகேசன், அதாவது மாமனாரின் பெயரில். வேல்ஸுக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்த வேலை, நமக்கு ஒரே படிவத்தில் முடிகிறது.

அந்த ஊரில் பாலி கார்ட்டர் என்றொருத்தி இருக்கிறாள். நிறையக் குழந்தைகள், கணவன் என்று யாரும் இல்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே, தான் நேசித்த ஆண்களைப் பற்றிப் பாடுகிறாள்: டாம், டிக், ஹாரி, பிறகு செத்துப்போன வில்லி. யாருடைய தொழிலும் அதில் இல்லை, யாருடைய அப்பாவும் இல்லை. வெறும் பெயர்கள். ஊர் அவளைப் பற்றி வம்பு பேசுகிறது. அத்தனை பட்டப்பெயர்களுக்கு நடுவே, ஒரு மனிதனை அவன் பெயரை மட்டும் வைத்து ஞாபகம் வைத்திருக்கிறவள் அவள். இந்த நாடகத்தைக் கார்ட்டூன் என்று ஒதுக்க முடியாமல் போவது அவளால்தான்.