காண்பதும் கேட்பதும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டூர்புரத்தை உலகமே பார்த்தது. கோட்டூர்புரத்தில் இருந்த நாங்கள்தாம் பார்க்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் பெருகி வந்து எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தை மூழ்கடித்திருந்தது. மின்சாரம் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி சுவரோரம் வெறும் கறுப்புக் கண்ணாடியாக நின்றது. மூன்றாம் நாள் எப்படியோ கைப்பேசிக்கு உயிர் வந்தபோது, வளைகுடா நாட்டிலிருந்து என் தங்கை மகன் அழைத்தான். "மாமா, உங்கள் தெருமுனையிலே படகு போகிறதே, பார்த்தீர்களா?" என்றான். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வடிந்து சேறு தெரியத் தொடங்கியிருந்தது. படகு போய் ஒரு பகலுக்கு மேல் ஆகியிருந்தது. அவன் கண்டது, ஒளிபரப்பில் சுழன்று சுழன்று வந்துகொண்டிருந்த அதே ஒரு படகு.

அந்த உரையாடல் என்னை விட்டு அகலவில்லை. காண்பது வேறு, உடனிருப்பது வேறு என்று அறியாதவர் யார்? ஆயினும் நம் மாலைப் பொழுதுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும் மூன்றையும் (தொலைக்காட்சிச் செய்தி, திரைப்படம், மேடைக் கச்சேரி) அந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் ஆசை அன்றுதான் எனக்குப் பிறந்தது. இவை என் சொந்தக் கருத்துகள். இசையில் எனக்குப் புலமை இல்லை; காது மட்டும் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. என் வயதை ஒத்தவர்கள், அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பின் அமைதியை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். ஷோபனா ரவி போன்றோர் வாசிக்கையில் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே மூச்சு விட இடம் இருந்தது என்பது மெய்தான். ஆனால் அந்த நிலையம் பிறந்தது நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த ஆண்டில் என்பதையும் மறக்கலாகாது. அதன் பிறகும் நெடுங்காலம் அரசின் குரலன்றி மற்றொரு குரல் அங்கே எளிதில் ஒலித்ததில்லை. எதிர்க் குரலே இல்லாத கூடத்தில் அமைதி நிலவுவதில் வியப்பென்ன? 1993-ல் சன் தொலைக்காட்சி வந்தது. பின்னர் இருபத்து நான்கு மணி நேரச் செய்தி அலைவரிசைகள் வந்தன. குரல்கள் பெருகின, அதுவரை நல்லதே. ஆனால் பெருகிய குரல்கள் எல்லாம் ஒரே வேளையில் பேசத் தொடங்கியதுதான் கேடாக முடிந்தது.

2024 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மியூசிக் அகாதெமி அவ்வாண்டின் சங்கீத கலாநிதி விருதுக்கு டி. எம். கிருஷ்ணாவைத் தேர்ந்தெடுத்தது. ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள் அதனை எதிர்த்து, அகாதெமியின் மார்கழி விழாவில் பாடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். உடனே கருநாடக இசை தலைப்புச் செய்தியாயிற்று. எத்தனையோ ஆண்டுகளாக அந்த இசைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்காதவர்கள் இரவு இரவாக விவாதம் நடத்தினார்கள். நானும் அவற்றுள் சிலவற்றைப் பார்த்தேன். யார் எந்தக் கட்சி, யார் எந்தச் சாதி, யாருக்கு எது உரிமை என்றெல்லாம் பேசப்பட்டது. அவை கேட்கக் கூடாத கேள்விகள் என்று நான் சொல்லவில்லை, கேட்டே ஆகவேண்டியவைதாம். ஆனால் நான் பார்த்த அத்தனை விவாதங்களிலும், எந்தப் பாட்டைப் பற்றி இந்தப் பூசல் எழுந்ததோ அந்தப் பாட்டை ஒரு நிமிடமாவது ஒலிக்கவிட்டவர் ஒருவருமில்லை. அங்கே நான்கு பேர் வாயசைத்துக்கொண்டிருக்க, எதுவும் காதில் விழவில்லை. என் வீட்டில் 2015-ல் பெட்டி இருளாய்க் கிடந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை.

நிற்க. கச்சேரிக்கு வருகிறேன்.

கோட்டூர்புரம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால், ஆற்றைக் கடந்து மூன்றாவது நிலையம் திருமயிலை. வெள்ளம் வடிந்த அந்த டிசம்பரிலும் சபாக்கள் திறந்தே இருந்தன. வீட்டில் ஈரச் சுவரின் நாற்றம் தாங்காமல், ஒரு பிற்பகலில் கட்டணமில்லாக் கச்சேரி ஒன்றுக்குப் போய் உட்கார்ந்தேன். பாடியவர் இளைஞர், பெயர் பெற்றவர் அல்லர். அவையில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். தம்புராவின் சுருதி நிலைப்பட்டதும் தோடியைத் தொட்டார். முதலில் எங்கோ தட்டுத் தடுமாறினார். குரல் ஒருமுறை உடைந்தது. உடைந்த அந்த இடத்துக்கே மீண்டும் வந்து, சற்று நின்று, வேறொரு வழியாக மேலே ஏறினார். வயலின்காரர் தலையசைத்து அதே வழியில் பின்தொடர்ந்தார். எனக்கு அடுத்திருந்த முதியவர் "ஆகா" என்று வாய்க்குள் சொன்னது மேடைக்குக் கேட்டிருக்க வேண்டும். பாடகர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடியில் என்ன வரப்போகிறது என்பது பாடுகிறவருக்கும் தெரியாது, கேட்கிற எங்களுக்கும் தெரியாது. இருபது நிமிடம் அப்படிச் சென்றது. அந்த இருபது நிமிடமும் சேறு என் நினைவில் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். சேறும் இருந்தது, தோடியும் இருந்தது. ஒளிப்பதிவில் இந்தத் தடுமாற்றத்தை வெட்டி எறிந்திருப்பார்கள். வெட்டியிருந்தால் அந்தக் கச்சேரியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இப்படிச் சொல்வதனால் சபாக்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நேயர்கள் எண்ணவேண்டாம். ஒலிபெருக்கியைப் பெருக்கிப் பெருக்கி வயலினை மரம் அறுக்கும் வாளாக்கி வைத்திருக்கிறார்கள். உடனிருந்து கேட்கப் போனவன் அங்கேயும் கருவியைத்தான் கேட்கிறான். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையில் பாதி எழுந்து சிற்றுண்டிச் சாலைக்கு நடக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்புச் 'சாதம்' அப்பி, தோலை இழுத்துக் கட்டி, ஒரு சுருதிக்குக் கொண்டுவர ஒருவர் எத்தனை நாள் குனிந்திருக்கிறார்! அந்த உழைப்பு முழுவதும் பேசுகிற வேளையில்தான் காப்பி ஆறிவிடுகிறது நமக்கு. தோலைப் பதப்படுத்தி அந்தக் கருவியைச் செய்தவர் அவைக்குள் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பவரும் அரியர். உடனிருப்பதே உயர்வு என்று சொல்ல வந்த என் வாதம் இங்கே தடுக்கி விழுகிறது. உடனிருக்க இடம் பெற்றவர்கள் யார், யார்?

நாதசுரத்துக்கும் நேர்ந்தது இதுவே. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-ல் சங்கீத கலாநிதி விருது அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் பெயரை நம்மவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லட்டும். ஆனால் இசை விழாக்களில் நாதசுரம் பெரும்பாலும் தொடக்க நாளின் மங்கல இசையாகவே நின்றுவிடுகிறது. நாற்காலிகள் நிரம்புமுன் வாசித்து முடித்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் திரைப்படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சபாவுக்குள் எழுப்பத் தயங்கிய கேள்விகளைச் சினிமா எழுப்பியது. 1985-ல் வந்த கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி'யில், தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் எங்கே என்று ஒரு பெண் கச்சேரிக்கு நடுவிலேயே கேட்கிறாள். 2019-ல் வெளிவந்த ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' இன்னும் ஒரு படி உள்ளே போயிற்று. மிருதங்கம் செய்பவரின் மகன் மிருதங்கம் வாசிக்க விரும்புகிறான் என்பதே அதன் கதை. மறு ஆண்டு, மிருதங்கம் செய்வோர் வாழ்வைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் உள்ள இதழியல் கல்லூரிக்கு மாறியது. படம் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தொலைக்காட்சிப் பந்தயங்களை வெறுக்கும் ஒரு குருவை நெடும்பகுதி நம் முன் நிறுத்திவிட்டு, இறுதியில் மாணவனின் தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு தொலைக்காட்சிப் போட்டியிடமே ஒப்படைக்கிறார் இயக்குநர். நடுவர்கள், கைதட்டல், வெற்றி! ஊர் ஊராகச் சுற்றி அந்தப் பையன் கற்ற தாளங்கள் எல்லாம் ஒரு பரிசில் போய் முடிய வேண்டுமா? யாரும் பார்க்காத ஒரு மாலையில், தந்தையின் பட்டறையில், அவர் செய்த கருவியை அவர் கேட்க அவன் வாசித்திருந்தால் போதாதா? போதும் என்பதே என் எண்ணம். வசூலுக்குப் போதாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், அதையும் அறிவேன்.

எங்கள் பகுதியிலே 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும், ஆற்றோரத்துக் குடியிருப்பினரும் நடந்தே வந்துவிடக்கூடிய இடம். மார்கழியில் ஒரு மாலை அங்கே நாதசுரமும் தவிலும் ஒலிக்கட்டும் என்பது என் விண்ணப்பம். அந்த இரண்டுக்கும் ஒலிபெருக்கி தேவையில்லை. முதல் வரிசையைத் தோற்கருவி செய்பவர்களுக்கு ஒதுக்கிவிடலாம். செய்தியாளர்கள் வந்தால், கருவிகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்காரட்டும். தவிலின் தனி முடியும்வரை, சிற்றுண்டிக் கடையை அன்று ஒரு நாள் மட்டும் மூடிவைப்பதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.