தீர்ப்பைத் தள்ளிவைத்தவர்கள்

ஒருவர் பெரும்பாவம் செய்துவிட்டார். அவர் இன்னும் முஸ்லிம்தானா? இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டில் இதற்கான பதிலைப் பொறுத்தே சிலர் தலை தப்பியது. 657இல் ஸிஃப்பீன் போரில் அலீ (ரலி) நடுவர் தீர்ப்புக்கு இசைந்தார். அதை ஏற்காமல் அவர் படையிலிருந்தே பிரிந்துபோன காரிஜிய்யாக்கள், பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்றார்கள். அவர்களில் ஒருவனான இப்னு முல்ஜம் 661இல் கூஃபாவில் அலீயையே வெட்டினான்.

இந்த வெறிக்கு மறுமொழியாக வளர்ந்ததுதான் 'இர்ஜா': தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவைப்பது. இதை முன்வைக்கும் பழைய மடல் ஒன்று அலீயின் பேரர் ஹஸன் இப்னு முஹம்மதின் பெயரில் வழங்குகிறது. பாட்டனாரைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து இப்படியொரு குரல் வந்ததாகச் சொல்லப்படுவது என்னை எப்போதும் நெகிழவைக்கிறது.

இர்ஜாவை ஏற்ற முர்ஜிஆக்கள் இதையே ஈமானின் இலக்கணமாக்கினார்கள். உள்ளம் ஏற்பதும் நா மொழிவதும் ஈமான். அமல் அதில் சேராது. குர்ஆன் ஈமானையும் நற்செயலையும் 'வ' என்ற இணைப்புச் சொல்லால் சேர்க்கிறது. இரண்டும் ஒன்றானால் இணைப்பு எதற்கு என்று கேட்டார்கள். எதிர்த்தரப்போ, ஓயாமல் சேர்த்தே சொல்வதைப் பிரிக்க நீங்கள் யார் என்றது. ஓரெழுத்தில் இத்தனை பாரம்!

இந்தக் கொள்கையின் பலம் குராஸானில் தெரிந்தது. அங்கே புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களிடமும் ஜிஸ்யா வரி வாங்கினார்கள். அவர்கள் உண்மையில் முஸ்லிமானவர்களா என்று அறிய, கத்னா செய்திருக்கிறார்களா எனச் சோதிக்கும் யோசனையைக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் மறுத்தார். அவருக்குப் பின் வரித் தொல்லை திரும்பியது. கலிமா சொன்னவர் முழு முஸ்லிம் என்ற முர்ஜிஆக்களின் பேச்சு அந்த மக்களுக்குக் கேடயமானது. 734இல் ஹாரிஸ் இப்னு சுரைஜ் உமய்யா ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது முர்ஜிஆக்கள் அவர் பக்கம் நின்றார்கள். முர்ஜிஆக்கள் அரசருக்குத் துணைபோனவர்கள் என்ற பழியை ஆராயாமல் ஏற்பது அநியாயம்.

ஆனால் பழியில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பாவம் ஈமானைத் தொடாது என்றால், கொடுங்கோலனுக்கும் அது ஆறுதல்தான். ஹாரிஸின் எழுத்தரான ஜஹ்ம் இப்னு ஸஃப்வான், உள்ளத்தில் இறைவனை அறிந்தாலே போதும் என்னும் எல்லைவரை போனார். இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது, ஈமான் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்ற வாதம். நோயிலும் இழப்பிலும் தன் நம்பிக்கை தளர்ந்ததையும், பின் ஒரு துஆவில் அது தழைத்ததையும் அறிந்தவருக்கு இந்த இலக்கணம் அந்நியமானது. ஈமான் கூடும், குறையும் என்ற அஹ்மத் இப்னு ஹன்பல் வாழ்க்கைக்கு நெருக்கமாகப் பேசினார்.

மூன்றாவது வழியும் இருந்தது. ஆனால் பாவியை ஈமானுக்கும் குஃப்ருக்கும் நடுவே நிறுத்திய வாஸில் இப்னு அதாவின் முஃதஸிலா வழி, தவ்பா செய்யாதவரை நிரந்தர நரகத்துக்கே அனுப்பியது. மறுமையில் காரிஜிய்யாக்கள் சொன்ன முடிவேதான்.

முர்ஜிஆ என்பது வசைப்பெயராகிவிட்டது. அமலை ஈமானில் சேர்க்காத அபூஹனீஃபாவே உஸ்மான் அல்பத்திக்கு எழுதிய மடலில் அந்தப் பெயரை ஏற்க மறுத்தார். ஆனாலும் அமலை ஈமானுக்குள் வைத்த புகாரி, தம் நூலின் ஈமான் பகுதியில், இணைவைப்பைத் தவிர வேறு பாவத்துக்காக ஒருவரைக் காஃபிர் ஆக்கக் கூடாது என்று தலைப்பிட்டே எழுதினார்.