நடுக்கோடு நகரும் நேரம்

பார்ப்பதற்கு ஜன்னல் கிராதியின் துண்டு போலத்தான் இருக்கும். கறுப்புத் தகட்டின் ஒரு பாதியில் நேர்க் கீற்றுகள். மறுபாதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் சாய்ந்த கீற்றுகள். ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பாக்டினோவ் 2005-இல் வடிவமைத்த மூடி. தொலைநோக்கியின் முகப்பில் இதை மாட்டித் திருவாதிரையைப் பிடித்தால், கேமராத் திரையில் அந்த விண்மீன் பெருக்கல் குறியாகிவிடும். ஊடே மூன்றாவதாக ஒரு கோடு. ஃபோகஸ் குமிழைத் திருகத் திருக நடுக்கோடு நழுவிவரும். குறியின் சந்திப்பில் அது துல்லியமாக வந்து நின்றால் குவியம் கிடைத்தது. கூர்மையா மங்கலா என்று கேட்டால் கண் தடவைக்கொரு பதில் சொல்லும். கோடு நடுவில் இருக்கிறதா என்று கேட்டால் தடுமாறாது. அங்கேதான் இந்த மூடியின் சாமர்த்தியம். (கழற்ற மறந்து இரவு முழுக்கப் பெருக்கல் குறிகளைப் படமெடுத்தவர்களும் உண்டு.)

எஃப்/5 தொலைநோக்கியில் குவியம் நிலைக்கும் இடம் ஏறக்குறைய 67 மைக்ரான், ஒரு தலைமுடியின் பருமன். ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் 3 டிகிரி குளிர்ந்தாலே அவ்வளவு சுருங்கிவிடும். நள்ளிரவில் மறுபடி குமிழைத் தொடாமல் தீராது.

கேமராவுக்கு முன்னால் போடும் ஃபில்டர்களில் எனக்குப் பிடித்தது 500.7 நானோமீட்டர் பச்சையை மட்டும் விடுவது. 1864-இல் வில்லியம் ஹகின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது கண்ட பச்சைக் கோடுகளுள் ஒன்று அது. பூமியில் காணாத தனிமம் என்று எண்ணி ‘நெபுலியம்’ எனப் பெயரே வைத்துவிட்டார்கள். 1927-இல் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார்: இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான்; மிகமிக அடர்த்தி குறைந்த வாயுவில்தான் அது இப்படி ஒளிரும். நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன்!

ஹைட்ரஜனுக்கு 656.3 நானோமீட்டர் சிவப்பு. ஹபிளின் 1995-ஆம் ஆண்டுக் கழுகு நெபுலாப் படத்தில் அந்தச் சிவப்புக்குப் பச்சை வேடம். அழகுதான், ஆனாலும் என் மனம் சிவப்பிலேயே நிற்கிறது.

ஃபில்டரின் மூன்று மில்லிமீட்டர்க் கண்ணாடி குறுக்கே வந்தால் குவியம் சுமார் ஒரு மில்லிமீட்டர் பின்தள்ளும். அதனால் ஹைட்ரஜன் ஃபில்டரைப் போட்டபிறகு மீண்டும் மூடி. இப்போது பாருங்கள்: வானவில்லாக நீண்டிருந்த கோடுகள் ஒடுங்கி, திருவாதிரையின் இருபுறமும் சிவந்த மணிகள்.